குங் ஃபூ ஹசில்: படத்தைப் பற்றியும் அதில் வரும் முகங்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2004இல் வந்த ஹாங்காங் படம். ஸ்டீபன் சோ இயக்கி, நாயகனாகவும் நடித்தார். சீன மொழியில் படத்தின் பெயர் வெறும் ‘குங் ஃபூ’தான். ‘ஹசில்’ என்பது வெளிநாட்டு வெளியீட்டுக்காக ஒட்டிக்கொண்ட வால்.

புரட்சிக்கு முந்தைய ஷாங்காய். ஊரையே கோடரிக் கும்பல் ஒன்று ஆட்டிப்படைக்கிறது. அதில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று அலைகிற வெட்டிப்பயல் சிங். அவனும் அவனுடைய குண்டு நண்பனும் ஏழைகள் குடியிருக்கும் பன்றிக்கொட்டில் என்ற சந்தில் போய், தாங்கள்தான் கோடரிக் கும்பல் என்று சொல்லி மிரட்டப் பார்க்கிறார்கள். நிஜக் கும்பலே அங்கே வந்து சேர்கிறது. வந்த பிறகுதான் தெரிகிறது, மூட்டை தூக்குகிறவர், தையல்காரர், கடையில் மாவு பிசைகிறவர் மூவருமே ஒளிந்து வாழும் குங் ஃபூ ஆசான்கள் என்று. அப்புறம் ஒன்றன் மேல் ஒன்றாக ஆட்கள் வருகிறார்கள், அடி விழுகிறது, கட்டடம் இடிகிறது.

கீழே சில பதில்களில் கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இது சண்டைப் படமா, காமெடிப் படமா, மாயாஜாலப் படமா?

மூன்றும்தான். ஹாங்காங்கில் ‘மோ லெய் தாவ்’ என்று ஒரு நகைச்சுவை வகை உண்டு. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உருக்கமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், சம்பந்தமே இல்லாமல் தலையில் பூந்தொட்டி விழும். 1990களில் அந்த வகையின் முகமே சோதான்.

ஆனால் அந்தப் பழைய படங்களில் சிரிப்பு பெரும்பாலும் பேச்சில் இருந்தது. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸ் தெரியாதவர்களுக்கு முக்கால்வாசி புரியாது. இந்தப் படத்தில் சோ அதை உடம்புக்கு மாற்றிவிட்டார். கத்தி எறியும் காட்சி ஒன்று போதும். சந்தில் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மாவைக் கொல்ல சிங் ஒளிந்திருந்து கத்தியை வீசுகிறான். அது ஜன்னலில் பட்டுத் திரும்பி அவன் தோளிலேயே குத்துகிறது. உதவிக்கு வந்த நண்பன் வீசுகிற கத்தியும் சிங்கைத்தான் தேடி வருகிறது. பத்தாததற்கு மேலேயிருந்து கூடையோடு பாம்புகள். விசிலடித்தால் பாம்பு அடங்கும் என்கிறான் நண்பன். விசிலடிக்கக் குவித்த உதட்டைப் பாம்பு கவ்வுகிறது. இதற்கு வசனமே தேவையில்லை, எந்த நாட்டில் போட்டாலும் சிரிப்பார்கள்.

ஸ்டீபன் சோ யார்?

1962இல் ஹாங்காங்கில் பிறந்தவர். சிறுவயதில் புரூஸ் லீ படங்களைப் பார்த்துப் பைத்தியமாகி, கொஞ்ச நாள் விங் சுன் என்ற குங் ஃபூ பாணியைக் கற்றவர். டிவிபி தொலைக்காட்சியின் நடிப்புப் பயிற்சிக்கு நண்பர் டோனி லியூங்கையும் இழுத்துக்கொண்டு போனார். நண்பருக்கு உடனே இடம் கிடைத்தது. ஆசைப்பட்டுப் போன சோவுக்குக் கிடைக்கவில்லை. பிறகு மாலை வகுப்பில்தான் சேர முடிந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி தொகுப்பாளராகச் சில வருஷம் ஓட்டி, 1990களில் ஹாங்காங்கின் வசூல் மன்னனானார். கால்பந்தையும் ஷாவோலின் குங் ஃபூவையும் கலந்த படம் 2001இல் வந்து பெரிய வெற்றி பெற்றது. அந்தத் தெம்பில்தான் கொலம்பியா நிறுவனத்தின் ஆசியப் பிரிவும் சேர்ந்து 2 கோடி டாலர் செலவில் இந்தப் படம் எடுக்கப்பட்டது.

ஹீரோ ஏன் பாதிப் படத்துக்கு மேல் அடியே கொடுப்பதில்லை?

பலருக்கும் இது குறையாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் படத்தின் புத்திசாலித்தனமே. சோ அன்றைக்கு ஹாங்காங்கின் மிகப் பெரிய நட்சத்திரம். சொந்தப் படம், சொந்த இயக்கம். அப்படியிருந்தும் கடைசி இருபது நிமிடம் வரை அடி வாங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை. நல்ல சண்டைகளை எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், சினிமா மறந்துபோனவர்களுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சந்தில் சிங் முதலில் நுழையும் காட்சியைக் கவனியுங்கள். மிரட்டச் சுலபமான ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். குள்ளம் என்று நினைத்து ஒருவனைக் கூப்பிட்டால், அவன் உட்கார்ந்திருந்தவன், எழுந்து நின்றால் பனைமரம். கண்ணாடி போட்ட சின்னப் பையனைக் கூப்பிட்டால் சட்டைக்குள் கட்டுக்கட்டாகத் தசை. ஒரு வேலைக்காரப் பெண்மணியிடம் ‘எங்கே, ஒரு குத்து விடு பார்ப்போம்’ என்கிறான். விட்டதும் ரத்தம் கக்குகிறான். இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நடிகர் தேர்வும் இதே தந்திரம்தான். நாம் யாரைப் பார்த்து ‘இவரா?’ என்கிறோமோ அவர் நிஜ வாழ்க்கையிலும் அந்த வித்தையில் ஊறியவர்.

தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு சிகரெட்டோடு வருகிற வீட்டுக்காரம்மா யார்?

யுவென் சியூ. இந்தப் படத்தைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி இவரைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுமியாக இருந்தபோதே பீக்கிங் ஓபரா பள்ளியில் சேர்ந்தவர். அங்கே பாட்டு, நடிப்பு, குட்டிக்கரணம், ஆயுதம் எல்லாமே பாடம். ஜாக்கி சானும், இன்னொரு சண்டை நடிகரான சாமோ ஹங்கும் படித்த அதே பள்ளி. 1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஒரு கராத்தே கூடத்தையே துவம்சம் செய்வார்களே, அதில் ஒருவர் இவர். கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவை விட்டு விலகிவிட்டார். ஏறத்தாழ இருபது வருஷம்.

இந்தப் படத்துக்கு அவர் வாய்ப்புக் கேட்டும் போகவில்லை. தோழி ஒருவர் நடிகர் தேர்வுக்குப் போனபோது துணைக்குப் போனவர். சும்மா ஓரமாக நின்று, எதையும் மதிக்காத ஒரு முகத்தோடு புகைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் சோவுக்கு இவர்தான் என்று தோன்றிவிட்டது. வேண்டாம் என்றவரைச் சம்மதிக்க வைத்தார்கள். வேடத்துக்காக எடையையும் கூட்டிக்கொண்டார். சோவின் கதையில் துணைக்குப் போனவருக்கு முதலில் இடம் கிடைத்தது என்றேன் அல்லவா? இங்கேயும் அதேதான்.

அவர் நடிப்பில் என்னை அசத்துவது உதட்டோரத்துச் சிகரெட். திட்டும்போதும், கணவனை மாடியிலிருந்து வெளியே தூக்கி வீசும்போதும் கீழே விழாது. குடித்தனக்காரர்கள் தலை நிறைய சோப்பு நுரையோடு நிற்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டு அதே சிகரெட்டோடு திட்டுவார். ஒற்றை நைட்டி, செருப்பு, சலிப்பான கண். பிறகு இவரே வாயைத் திறந்து ‘சிங்க கர்ஜனை’ போட்டால் கண்ணாடி நொறுங்கி, உடுப்பு கிழிந்து, எதிரிகள் காற்றில் பறக்கிறார்கள். வீட்டு வாடகை கேட்கும் குரலின் சக்தியை அறிந்தவர்களுக்கு இது மாயாஜாலமாகவே தோன்றாது.

அவருடைய கணவராக வருகிறவர்?

யுவென் வா. அதே ஓபரா பள்ளி. புரூஸ் லீக்கு டூப் போட்டவர். 1970களின் ஆரம்பத்தில் புரூஸ் லீ படங்களில் லீ அந்தரத்தில் பல்டி அடிக்கும் இடங்களில் நீங்கள் பார்ப்பது இவரைத்தான். அடிகள் லீயுடையவை, பல்டி இவருடையது. பிறகு பல வருஷம் வில்லனாக நடித்தார். இங்கே பட்டுப் பைஜாமாவில் தள்ளாடுகிற, பெண்களைப் பார்த்துப் பல்லிளிக்கிற ஆள். மனைவியிடம் வாங்கும் அடியில் சுருளும் அந்த உடம்பு, சண்டை என்று வந்ததும் தண்ணீர் மாதிரி வளைகிறது. அதுதான் தாய் சி என்னும் சீனத் தற்காப்புக் கலை. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது இவருக்குக் கிடைத்தது. டூப் போட்ட காலத்தில் முகம் தெரியாமலிருந்த ஒருவருக்கு அந்த விருது கொஞ்சம் தாமதமாகவே வந்தது.

ஒரே யுவென் மயமாக இருக்கிறதே, எல்லோரும் ஒரே குடும்பமா?

இல்லை. இங்கே இரண்டு வேறு யுவென்கள் இருக்கிறார்கள், சீன எழுத்தும் வேறு.

யுவென் சியூ, யுவென் வா இருவருக்கும் அது குடும்பப் பெயரே இல்லை. அவர்களுடைய ஆசான் யூ ஜிம்-யுவென் தன் மாணவர்களுக்குத் தன் பெயரின் கடைசி எழுத்தை மேடைப் பெயராகக் கொடுத்தார். ஜாக்கி சான்கூட அந்தக் காலத்தில் யுவென் லோதான்.

சண்டை இயக்குநர் யுவென் வூ-பிங்கும், பிச்சைக்காரராக வரும் யுவென் செயுங்-யானும் நிஜ அண்ணன் தம்பி. பழைய குங் ஃபூ படங்களில் குடிகாரக் குருவாக வந்து புகழ்பெற்ற யுவென் சியூ-தியென் இவர்களுடைய அப்பா.

வழுக்கைத் தலை, பனியன், ரப்பர் செருப்பு... இவரா பெரிய வில்லன்?

இதைத்தான் படத்தில் கோடரிக் கும்பல்காரர்களும் கேட்கிறார்கள். உலகத்திலேயே பயங்கரமான கொலையாளி என்று சொல்லி, மனநல விடுதியின் ஆழத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டுவருகிறார்கள். வந்து நிற்பவர் பால் பாக்கெட் வாங்கத் தெருமுனைக்குப் போகும் மாமா மாதிரி இருக்கிறார். நெற்றிப் பொட்டில் துப்பாக்கியை வைத்துத் தானே சுட்டு, குண்டை இரண்டு விரலால் பிடித்துக் காட்டிய பிறகுதான் எல்லோரும் வாயை மூடுகிறார்கள்.

நடித்தவர் லியூங் சியூ-லுங், மேற்கில் புரூஸ் லியூங். புரூஸ் லீ மறைந்த பிறகு அவர் சாயலில் ஏகப்பட்ட பேரை நிறுத்திப் படமெடுத்தார்களே, அந்த வரிசையில் வந்தவர்களில் உண்மையான திறமைசாலி. 1980களின் தொடக்கத்தில் தொலைக்காட்சித் தொடரில் சென் ஜென் என்ற குங் ஃபூ வீரனின் வேடத்தில் வீடுதோறும் தெரிந்த முகம். பிறகு சினிமாவிலிருந்து காணாமல் போய், ஏறத்தாழ 15 வருஷம் கழித்து இந்தப் படத்தில்தான் திரும்பினார். வீரநாயகனாக ஞாபகத்தில் இருந்தவரைச் செருப்பும் தொந்தியுமாகக் கொண்டுவந்து நிறுத்தியதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஹாங்காங் ரசிகர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும், நமக்குச் சொன்னால்தான் தெரியும்.

மூட்டை தூக்குகிறவர், தையல்காரர், மாவு பிசைகிறவர், இவர்களுக்கு நிஜமாகவே சண்டை தெரியுமா?

தெரியும். மூட்டை தூக்கும் ஷிங் யூ ஷாவோலின் கோயிலில் துறவியாகப் பயிற்சி பெற்றவர், அந்தப் பன்னிரண்டு உதைகள் அவருடைய காலின் வேலை. கையில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு அடிக்கும் தையல்காரர் சியூ சி-லிங், ஹுங் கார் என்னும் தென்சீனப் பாணியின் ஆசான். படத்திலும் அவர் செய்வது அதே பாணிதான். கழியைச் சுழற்றும் டோங் சிஹுவா சீன ஓபரா மேடையிலிருந்து வந்தவர்.

மூவரும் கொல்லப்படும் இரவுதான் படத்தில் சிரிப்பு அடங்கும் இடம். கண் தெரியாத இரண்டு பேர் நீளமான தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து மீட்டுகிறார்கள். ஒவ்வொரு மீட்டலும் கண்ணுக்குத் தெரியாத கத்தியாகப் போகிறது. சுவரில் நடந்த பூனையின் நிழல் இரண்டாகிறது. அவ்வளவுதான் காட்டுகிறார்கள், மிச்சத்தை நாமே பயந்துகொள்ள வேண்டியதுதான்.

சண்டைகளை அமைத்தது யார்? எல்லாம் கிராஃபிக்ஸா?

ஆரம்பித்தவர் சாமோ ஹங். இரண்டு மாதம் போல வேலை செய்துவிட்டு விலகினார். பிறகு யுவென் வூ-பிங் வந்தார், ஹாலிவுட் நாயகர்களைக் கயிற்றில் பறக்கவிட்டு உலகப் புகழ்பெற்றவர். 2003இல் ஷாங்காயில் ஐந்து மாதம் போலப் படப்பிடிப்பு நடந்தது.

கிராஃபிக்ஸ் நிறையவே உண்டு, சென்ட்ரோ என்ற ஹாங்காங் நிறுவனம் செய்தது. வீட்டுக்காரம்மா சிங்கைத் துரத்தும்போது இருவர் காலும் சக்கரமாகச் சுழல்கிறதே, அது பச்சையான கார்ட்டூன், கார்ட்டூன் என்று மறைக்கவும் இல்லை. ஆனால் கைகலப்பு நெருக்கமாக நடக்கும் இடங்களில் பாருங்கள், கால் ஊன்றுவதும் இடுப்பு திரும்புவதும் நிஜம். பயிற்சி பெற்ற உடம்பின் மேல் கிராஃபிக்ஸைப் பூசியிருக்கிறார்கள். அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் பார்க்க முடிகிறது. இதே கிராஃபிக்ஸைச் சண்டை தெரியாத நடிகர்கள் மேல் பூசியிருந்தால் இன்றைக்கு வீடியோ கேம் விளம்பரம் மாதிரி இருந்திருக்கும்.

கோடரிக் கும்பல் நிஜத்தில் இருந்ததா? அந்த டான்ஸ் ஆடுகிற தலைவர் யார்?

அந்தப் பெயரில் ஷாங்காயில் நிஜமாகவே ஒரு கும்பல் இருந்தது, வாங் யாச்சியாவோ என்பவர் நடத்தியது. கோட்டு சூட்டு, தொப்பியோடு வரிசையாக ஆடினார்களா என்றால், அது சோவின் கற்பனை.

தலைவர் சம் அண்ணனாக வருபவர் டானி சான். சோவின் கால்பந்துப் படத்தில் புரூஸ் லீ சாயலில் நின்ற கோல்கீப்பர் இவர்தான். பிறகு 2008இல் சீனத் தொலைக்காட்சித் தொடரில் புரூஸ் லீயாகவே நடித்தார். நன்றாக ஆடத் தெரிந்தவர் என்பதால்தான் அந்த நடனம் எடுபடுகிறது. ரத்தம் காயாத கோடரியோடு அவர் இடுப்பை ஆட்டும் அந்த அரை நிமிடம், எத்தனையோ வில்லன்களின் பத்துப் பக்க வசனத்தைவிடப் பயமுறுத்துகிறது.

ஆரம்பத்தில் காவல் நிலையத்தையே அதட்டிவிட்டு வெளியே வந்ததும் செத்துப்போகும் இன்னொரு கும்பலின் தலைவர் ஃபெங் சியாவோகாங். இவர் சீனாவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர்.

அந்தப் பன்றிக்கொட்டில் சந்து எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

முடியாது, அது செட். பெயரும் நெரிசலும் ஹாங்காங்கின் கௌலூன் மதில் நகரை ஞாபகப்படுத்தும், அதையும் 1990களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனங்கள், கத்தும் வீட்டுக்காரி, பதில் பேசும் குடித்தனக்காரர்கள் என்ற அமைப்பு 1973இல் வந்த பிரபலமான ஹாங்காங் காமெடி ஒன்றிலிருந்து வருகிறது.

ஐஸ்கிரீம் விற்கும் பேசாத பெண்?

ஹுவாங் ஷெங்யி. இது அவருக்கு முதல் படம், ஒரு வசனமும் கிடையாது. சிறுவயதில் இவளைப் போக்கிரிகளிடமிருந்து காப்பாற்றப் போய்த்தான் சிங் அடி வாங்குகிறான், நல்லவனாக இருந்து பயனில்லை என்ற முடிவுக்கு வருகிறான். அவள் வைத்திருந்த குச்சி மிட்டாய் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறது. இந்தக் காதல் கதைக்குப் படத்தில் இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

வெட்டிப்பயலாக இருந்தவன் திடீரென்று எப்படி மகா வீரன் ஆகிறான்?

திடீரென்று இல்லை, முன்பே ஒரு தடயம் வைத்திருக்கிறார்கள். பாம்பு கடித்த விஷத்தோடு தெருவிலிருக்கும் போக்குவரத்து சிக்னல் கூண்டுக்குள் ஒளிகிறான். வலி தாங்காமல் உள்ளிருந்து அறைகிறான். வெளியே இரும்புத் தகட்டில் உள்ளங்கை அச்சுகள் ஒவ்வொன்றாகப் புடைத்துக்கொண்டு வருகின்றன. கொஞ்ச நேரத்தில் காயமும் ஆறிவிடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் இதைச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். பிறகு வில்லன் அவனை அடித்து நொறுக்கும்போது, உடம்பில் அடைபட்டிருந்த சக்தியின் ஓட்டம் திறந்துகொள்கிறது. கட்டுப் போட்ட உடம்பிலிருந்து அவன் எழுகிறான், கூட்டைவிட்டுப் பட்டாம்பூச்சி வெளியே வருகிறது.

கடைசிச் சண்டையில் சிங் காட்டும் புத்தர் உள்ளங்கை, வில்லனின் தவளைப் பாணி இதெல்லாம் நிஜக் கலைகளா?

ஹுங் கார், தாய் சி நிஜம். தவளைப் பாணி, ஜின் யோங்கின் வீரசாகச நாவலில் ஒரு வில்லனுக்குச் சொந்தம். புத்தர் உள்ளங்கை 1960களின் காண்டனீஸ் படங்களில் பிரபலமானது, வானத்திலிருந்து கை இறங்குவதெல்லாம் அந்த மரபு. வீட்டுக்காரத் தம்பதி தங்கள் உண்மைப் பெயராகச் சொல்வது ஜின் யோங்கின் புகழ்பெற்ற காதல் ஜோடியான யாங் குவோ, சியாவோலுங்நுயூ பெயர்களை. அழகுக்குப் பெயர்போன அந்த ஜோடியின் பெயரை இவர்கள் வாயால் கேட்டதும் சீனத் திரையரங்குகள் வெடித்துச் சிரித்திருக்கும். ஆங்கில வசன எழுத்தில் அதை கிரேக்கக் கதைகளின் பேரழகி டிராய் நகரத்து ஹெலன் என்று மாற்றிவிட்டார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சின்னக் குழந்தைகள் வேண்டாம். கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே கோடரியால் வெட்டு, ஒரு பெண்ணைச் சுடுவது எல்லாம் வந்துவிடும். அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்.

வசூல், விருது?

ஹாங்காங்கில் 6 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி, அதுவரை வந்த உள்ளூர்ப் படங்களின் வசூல் சாதனையை முறியடித்தது. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் 16 பரிந்துரை, 6 விருது, சிறந்த படம் உட்பட. தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் விருதுகளோடு, யுவென் சியூவுக்குச் சிறந்த துணை நடிகை விருது.

எந்த மொழியில் பார்ப்பது நல்லது?

காண்டனீஸ், வசன எழுத்தோடு. வீட்டுக்காரம்மாவின் திட்டு டப்பிங்கில் பாதி செத்துவிடும்.

இரண்டாம் பாகம் வருமா?

வரும் வரும் என்று படம் வெளியான காலத்திலிருந்தே பேச்சு. 2019இலும் அதற்கான வேலை நடப்பதாகச் சோ சொன்னார். நேரடித் தொடர்ச்சியாக இருக்காது என்றார்கள். நான் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். அந்த மூத்தவர்கள் இல்லாமல் அது வேறு படமாகத்தான் இருக்கும்.

கடைசியில் வருகிற பிச்சைக்காரர் யார்? அவருக்கு எல்லாம் முன்பே தெரியுமா?

முன்பு சொன்ன யுவென் செயுங்-யான்தான் அவர், அவரும் சண்டை அமைப்பாளர். சிறுவன் சிங்கிடம் ‘உலகைக் காக்கப் பிறந்தவன் நீ’ என்று சொல்லிச் சேமிப்பையெல்லாம் கறந்து, புத்தர் உள்ளங்கைப் புத்தகத்தை விற்றவர். அது ஏமாற்று என்று சிங் வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தான், கடைசியில் பலித்தே விட்டது. அவர் மகானா, ஃபிராடா? படம் பதில் சொல்வதில்லை. முடிவில் மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டு வருகிற வேறொரு பையனை மடக்கி, அதே வசனத்தைச் சொல்கிறார். பையன் அசையவில்லை என்றதும் சட்டைக்குள் கையை விட்டு இன்னும் நாலைந்து புத்தகங்களை எடுத்து விசிறி மாதிரி விரிக்கிறார், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பது போல.